பாட்டு முடிந்த பிறகும் ஓடிய நாடா

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

எங்கள் வானொலி நிலையத்தில் தொலைந்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பழைய நாட்டுப்பாடல் தொடரின் ஒலிநாடாக்களைக் கிடங்கில், உடைந்த மின்விசிறிகளுக்குப் பின்னால் கண்டெடுத்துவிட்டேன். உன் தாலாட்டும் இருக்கிறது. "பதிவு கெட்டுப்போச்சும்மா" என்று உன்னை அனுப்பிவிட்டு, தன் மனைவி பாடியதாக ஒலிபரப்பினாரே அந்தத் தயாரிப்பாளர், அவருக்கு நேற்று பாராட்டு விழா. மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருந்தார். பக்கத்திலேயே அந்த அம்மாள்.

விழாவில் அந்தத் தாலாட்டைப் போட்டுக்காட்டும் வேலை எனக்கு. "பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுப்பா" என்றார் அவர். "சரிங்க சார்" என்றேன். நிறுத்தவில்லை. நீ பாடி முடித்த பிறகும் அன்று நாடா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "இந்தப் பொண்ணு குரல் அருமை. பேரை மட்டும் என் சம்சாரம் பேர்ல போட்டுடு" என்று அவர் குரலே அரங்கம் முழுக்கக் கேட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

மேலதிகாரி வரச் சொல்லியிருக்கிறார், கவலைப்படாதே. நீ இப்போது போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையை அனுப்பிவை. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

அவசரமாக முடிக்கிறேன். இதோடு அந்த நாடாவின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். வானொலியில் வந்தது உன் குரல்தான் என்று நீ சொன்னபோது, "பொய் சொல்றா" என்று நாலு பேர் முன்னால் உன்னைப் பார்த்துச் சிரித்தாரே அப்பா, அவர் சாப்பிட உட்காரும்போது போடு. பாட்டோடு நிறுத்திவிடாதே.

உன் மகன்