ஆட்டுப்பால் பிள்ளை

ஸ்பின்கலை
ஏப்ரல் 6

எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய் என்னை மறந்தே போன நாத்தனார் குலந்தாமாவுக்கு, அண்ணி ஸர்கூனா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் கபரின் தலைமாட்டில் வைத்த மாதுளை பூத்துவிட்டது. ராணுவ முகாம்காரர்கள் மறுபடியும் போன் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். அதனால்தான் வெங்காய லாரி ரசூலிடம் கடிதம். அவனுக்குப் படிக்கத் தெரியாது, தைரியமாகப் பதில் எழுது.

பேத்தி பல்வஷா நர்சுப் படிப்பு முடித்து நம் ஊர் மருந்தகத்துக்கே வந்துவிட்டாள். அவள் ஊசியை எடுத்தால் முல்லாவே கலிமா சொல்லிக்கொண்டு குப்புறப் படுக்கிறார். ஐந்தாவதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவளின் பேத்தி வேறு எப்படி இருப்பாள்?

இனி கெட்ட சேதி. நம் பழைய பக்கத்து வீட்டுப் பையன் ஸர்வலி இப்போது கமாண்டர். முகாம்காரர்கள் அனுமதிச் சீட்டுக் கொடுத்து வைத்திருக்கிற ‘நல்ல’ போராளி. கைக்காயத்துக்குக் கட்டுப் போட மருந்தகம் போனவன், வெள்ளிக்கிழமை நம் வாசலில் வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். “பல்வஷா எனக்குத்தான்! வேற எவனாவது பொண்ணு கேட்டு வந்தா அவன் வீட்டுல ஜனாஸாதான்!” என்று கத்திவிட்டுப் போனான். இப்படி ஒருவன் கத்திவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு யார் வருவார்? உனக்குத் தெரியாத வழக்கமா?

என் மகன் ஹிக்மத், பெற்ற மகளுக்காக முகாமுக்கு ஓடினான். அதிகாரி தேநீர் கொடுத்து, “அவர் நம்ம ஆளுப்பா. கெட்ட கோஷ்டியா இருந்தா சொல்லு, உடனே பிடிச்சிரலாம்” என்றானாம். நல்லவன் சுட்டாலும் கெட்டவன் சுட்டாலும் என் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடுகின்றன.

ஒரே வழிதான் இருக்கிறது. ஸர்வலி பிறந்தபோது, இப்போது உயிரோடு இல்லாத அவன் அம்மா ஜன்னி கண்டு கிடந்தாள். அவனுக்குப் பால் கொடுத்தது நான். மார்க்கப்படி என் பால் குடித்தவன் என் மகன், பல்வஷாவுக்குச் சித்தப்பா. சித்தப்பாவுக்கும் மகளுக்கும் நிக்காஹ் ஏது? முல்லா இன்னொரு பெண்ணின் சாட்சியும் வேண்டும் என்கிறார். நன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு எழுது.

அண்ணி ஸர்கூனா


தோர்கலை
ஏப்ரல் 15

மறப்பதற்கு வழியே வைக்காத அண்ணிக்கு, குலந்தாமா கைமுத்தம் வைத்து எழுதுவது.

நன்றாகவே ஞாபகப்படுத்திக்கொண்டேன். அந்த வருஷம் உங்களுக்கு ஹிக்மத்துக்கே பால் போதவில்லை. ஸர்வலிக்குக் கொடுத்தது நம் ஒற்றைக்கொம்பு ஆட்டின் பால். பஞ்சில் நனைத்து வாயில் பிழிந்தவள் நான். அப்படிப் பார்த்தால் அவனுக்கு அம்மா அந்த ஆடுதான்.

பொய்ச்சாட்சி பெரும்பாவம் அண்ணி. அவனுக்குத் தெரிந்தால் என் வீட்டையும் கொளுத்துவான். அவன் ஆட்கள் போன வாரம்கூட இங்கே வந்து எங்கள் வாதுமை மரத்தடியில் தூங்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேலிக்கதவு திறக்கிறது. என் அண்ணன் ஜனாஸாவுக்கு எனக்குத் திறக்கவில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் பயம் போய்க் கோபம் வந்தது.

பல்வஷாவுக்குப் பெயர் வைத்தவள் நான். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முல்லாவையும் பெரியவர்களையும் வேலிக்கு அழைத்து வாருங்கள். பாவத்தில் எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. பெரிய பாதி உங்களுக்கு.

குலந்தாமா


ஸ்பின்கலை
மே 2

என் சிங்கமே குலந்தாமா,

நீ போட்ட சத்தத்தில் வேலிக் காவலுக்கு நின்ற சிப்பாய் பதறித் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். “குடிச்சான்! என் கண்ணால பார்த்தேன்! பல்லு முளைச்சுக் கடிச்சும் வச்சான்!” கடித்ததைச் சேர்க்கச் சொல்லி யாரடி கேட்டார்கள்? ஜிர்காப் பஞ்சாயத்துக்கு வந்த தாடிக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது அங்கே வந்து நின்ற ஸர்வலியின் விரல் துப்பாக்கியில் எங்கே இருந்தது என்று உனக்கு அங்கிருந்து தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நேரே போய் அவன் தலையில் கை வைத்தேன். “இளைச்சுப் போயிட்டியேடா மகனே” என்றேன். விரலை எடுத்தான். பிறகு குனிந்து என் கையை முத்தமிட்டு, “சரிம்மா” என்றான். முல்லா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவன் வீட்டிலிருந்து ஒரு கொழுத்த ஆடு வந்தது. பல்வஷா என்ன கேட்டாள் தெரியுமா? “பாட்டி, இதை அறுக்கலாமா, இல்ல இதுவும் நமக்கு உறவுதானா?” இந்தக் கழுதையிடம் ரகசியத்தைச் சொன்னது என் தப்பு. பள்ளிக்கூட வாத்தியார் மகனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டோம்.

உன் அண்ணி


தோர்கலை
அக்டோபர் 19

அண்ணிக்கு,

பல்வஷா கல்யாணப் படம் வந்தது. மாப்பிள்ளை பயந்தவர் மாதிரி இருக்கிறார், நல்லதுதான்.

அவசரமாக எழுதுகிறேன். முகாமுக்கும் ஸர்வலிக்கும் ஒத்துப்போகவில்லையாம். சீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். உங்கள் ஊர் ரஹீமாவின் மகனை அவன் சுட்டபோது நல்லவனாக இருந்தான், இப்போது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றதும் கெட்டவனாகிவிட்டான். சுவரெல்லாம் அவன் படம் ஒட்டியிருக்கிறதாம். கதவைத் தாழிட்டு வையுங்கள். உலகத்தில் அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவது உங்கள் ஒருத்தியைத்தான்.

குலந்தாமா


ஸ்பின்கலை
நவம்பர் 4

என் உயிரே குலந்தாமா,

இந்தக் கடிதத்தை ரசூல் கொண்டுவரவில்லை. கொண்டுவந்து நிற்பவனை நன்றாகப் பார். பார்த்துவிட்டுக் கத்தாதே.

முற்றத்தில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்தேன், வந்து நின்றான். வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. “யாருடா துரத்தறா?” என்றேன். “பெட்ரோல் போட்டுக் கொடுத்தவங்கதாம்மா” என்றான். துப்பாக்கியை எருக்குழியில் போட்ட பிறகுதான் ரொட்டி வைத்தேன். என்னைப் பார்க்க வந்திருந்த பல்வஷா உள்ளே வந்து, “காயத்தைக் காட்டுங்க சித்தப்பா” என்றாள். ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான், கமாண்டர்!

சாப்பிட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஆட்டுப்பால்னு எங்க அம்மா சொல்லியிருக்கா.”

நான் கேட்டேன், “அப்புறம் ஏன்டா சும்மா இருந்தே?”

“என்னை மகன்னு சொல்ல அத்தனை பேர் நடுவுல நீதானே வந்தே.”

நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. ரஹீமாவின் மகனுக்கு இவன் பதில் சொல்லியாக வேண்டும். அதை மன்னிக்க நான் யார்? ஆனால் முகாம் கையில் கிடைத்தால் சுட்டுப் புதைத்துவிட்டு, ஒரு கெட்டவன் ஒழிந்தான் என்று மிட்டாய் கொடுப்பார்கள். சுட வேண்டியவர்களின் பெயரை யார் கொடுத்தார்கள், யார் வேலிக்கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் இவனோடு மண்ணுக்குள் போய்விடும். அது கூடாது. நம் ஜிர்காவின் முன்னால் இவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், ரஹீமா காதால் கேட்க வேண்டும். அதற்குச் சம்மதித்த பிறகுதான் ஆடு மேய்க்கிற மலைப்பாதையைக் காட்டினேன்.

பனி இறங்கி வேலிக் காவல் குறைந்ததும் பெரியவர்களையும் ரஹீமாவையும் வேலிக்கு அழைத்து வருகிறேன். நீ இவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா. அவனுக்குக் குரல் எழும்பாவிட்டால் உன் குரலைக் கடன் கொடு. அதுவரை விறகு உடைக்கச் சொல், சும்மா உட்காரவிடாதே.

பசியோடு வருவான். உன் வீட்டில் ஆட்டுப்பால்தான் இருக்கும். பரவாயில்லை, அவனுக்குப் பழக்கம்தான்.

உன் அண்ணி
ஸர்கூனா