கெரக் கோட்டையில் குடிக்காமல் வைத்த காபி

அன்புள்ள உம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? உப்பு ஆலையில் கை கொஞ்சம் வெடித்திருப்பதைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை.

விடுமுறையில், சாக்கடலுக்கு இக்கரையில் மலைமேல் இருக்கும் கெரக் கோட்டைக்குப் போனேன். சிலுவைப் போர் வீரர்கள் கட்டியதா, மலையே சுவராக எழுந்து நின்றதா என்று சொல்ல முடியவில்லை. காவலாளி அபூ ஷாஹிர் காபி தந்தார். நான் கூரை வளைவைப் பார்த்து வாயைப் பிளந்தபடி, கோப்பையைத் தொடாமல் கீழே வைத்துவிட்டேன். இங்கத்து வழக்கப்படி, ஏதாவது கேட்க வந்த விருந்தாளிதானே, காபி தந்தவர் 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கும்வரை குடிக்காமல் வைப்பான்!

அவர் முகம் மாறிவிட்டது. "குடிப்பா, கேட்டது கிடைக்கும். எம் பொண்ணை மட்டும் கேட்டுராதே, அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

வெட்கத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "பூட்டியிருக்கிற மேற்குக் கோபுரத்தைக் காட்டுவீங்களா?"

"அது இடிஞ்சு கிடக்குடா! சரி, வாக்குக் கொடுத்துத் தொலைச்சுட்டேன்" என்று சாவியை எடுத்தார்.

மேலே ஏறி நின்றேன். காலடியில் சாக்கடல் முழுவதும் கிடந்தது. அக்கரையில் ஹெப்ரோன் மலைகள். நம் வீடு இருக்கும் மலைகள், உம்மா.

வெள்ளிக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நடுப்பகலில் சிவப்புப் போர்வையை நம் மொட்டைமாடியில் விரித்துப் போடு. இவ்வளவு தூரத்துக்குத் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போடு.

ஆலை வண்டி வந்துவிட்டது.

உன் ஹிக்மத்