கருக்கிய கம்பம்

1982 ஐப்பசி, வியாழக்கிழமை.

வீட்டுக்குக் கரண்டு வந்த வாரமே தகராறு. வயரைத் தாங்க வாசலில் நட்ட சவுக்குக் கம்பத்தை முழுசும் தீயில் கருக்கியது நான்தான். உப்புத்தண்ணி ஏரியில் மீன்வலைக்கு நடும் கம்புகளை உளுத்துப் போகாமல் இருக்க அப்படித்தான் கருக்குவோம். இன்று மழையில் அதன்மேல் சாய்ந்த எதிர்வீட்டு முனியம்மா கரண்டு அடித்துத் தூக்கியெறியப்பட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வாய்க்கும் ஒன்றுமில்லை.

"என்னைக் கொல்லத்தான்டி நட்டுகினே! புடுங்கி எறி, லைட்டே வேணாம்!"

மீஞ்சூரிலிருந்து வந்த வயர்மேன் பார்த்தார். வயரின் உறை கிழிந்திருந்தது. "காஞ்ச மரம்னா கரண்டைத் தடுக்கும் ஆயா. நீ கரியாக்கிட்ட. டார்ச் செல்லுக்குள்ள கறுப்புக் குச்சி இருக்குதுல்ல? அதுவும் கரிதான், கரண்டு அதுலதான் ஓடுது. இதுல உப்பு ஈரம் வேற."

கரி அடுப்புக்குத்தான் என்று இருந்தேன். யார் சொன்னார்கள் எனக்கு?

"போய் மன்னிப்பு கேளும்மா" என்கிறான் மகன். முனியம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். அது போதும். என் மகள் சீமந்தத்தில் குழம்பு ஊசிப்போச்சுனு பந்தியில் கத்தியவள், முதலில் அதற்கு அவள் கேட்கட்டும்.

நாளைக்குக் கருக்காத கம்பம், கரண்டு இறங்காமல் இருக்கப் பீங்கான் குமிழ் வைத்து, புது வயர். வாசல் பல்பை அவள் வீட்டுப் பக்கமே திருப்பிப் போடச் சொல்லப் போகிறேன்; லைட்டே வேணாம் என்றவள் வாசலிலும் வெளிச்சம் விழட்டும்.