நூடுலின் வாலில் மறுபடி முடி கொட்டுகிறது

மிச்சிகன்,
ஏப்ரல் 3.

அன்பு மகன் டோபினுக்கு,

அந்தச் சுவர்களுக்குள்ளும் கர்த்தர் உன்னோடு இருப்பாராக. இங்கே நானும் அப்பாவும் சுகம். ஏரியில் பனிப்பாளம் உடைந்துவிட்டது. என் போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. உங்கள் சிறைக்கு வரும் பாதிரியாரிடம் விசாரித்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாய் என்றார்.

நூடுலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் ஃபெரட் இன்னமும் கீரிப்பிள்ளை மாதிரி வளைந்து வளைந்து ஓடி, உன் பழைய காலுறைகளைத் திருடி சோபாவுக்கு அடியில் சேர்த்துவைக்கிறான். ஆனால் வாலில் மறுபடி முடி கொட்டிவிட்டது. இந்தத் தடவை இடுப்பு வரைக்கும். சொறிந்து சொறிந்து தோலெல்லாம் சிவப்பு. அப்பா முதலில், "என் மண்டைக்குப் போட்டியா வந்துட்டான் பாரு" என்று சிரித்தார். கால்நடை டாக்டர் கெஸ்லர் ஸ்கேன் எடுத்துச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

போன வசந்தத்தில் இப்படி ஆனபோது ஜெபித்தேன். இலையுதிர் காலத்தில் பளபளவென்று வளர்ந்தது. சபையில் எழுந்து நின்று, கர்த்தர் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு உன்னைப் பற்றியும் அதே சாட்சியைச் சொன்னேன்.

சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டியாம். இந்த நோயில் அப்படித்தான், முடி கொட்டும், பருவம் மாறினால் தானே வளரும், வீட்டார் குணமாகிவிட்டதென்று நம்பிவிடுவார்கள் என்றார் டாக்டர். "நீங்க மட்டுமில்ல கெர்டா, எல்லாரும் ஏமாறுற இடந்தான் இது." உள்ளே கட்டி வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இரண்டு வழி இருக்கிறது. தோலுக்கடியில் அரிசி அளவு மருந்து வைக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். முடி வரும், அரிப்பு நிற்கும், கட்டி போகாது. இல்லையென்றால் அறுவை சிகிச்சை. கட்டி வலது பக்கம், பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ரெண்டரை வயசுதானே ஆகுது, என் வீட்டுப் பிராணின்னா கட்டிய எடுத்துடுவேன். ஆனா மேசையிலயே போயிடவும் போயிடலாம். மறைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

நூலகத்தில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தேன். வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட்டேன், செலவைப் பற்றி நீ யோசிக்காதே. அப்பா, மருந்தே போதும் என்றார். "டோபின் வர இன்னும் ஒன்றரை வருஷம். அவன் உள்ள வர்றப்ப இது ஓடிப்போய்க் கால்ல விழணும். அதுவரைக்கும் தாங்கட்டும்டி."

எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் முடி வளர்ந்துவிட்டால் நாங்கள் மறுபடியும் நம்பிவிடுவோம், டோபின். எனக்குப் பயமே அதுதான்.

திங்கட்கிழமை அறுவை. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நூடுல் போகும் கூடையில் உன் காலுறை ஒன்றை வைத்து அனுப்புகிறேன்.

பாதிரியார் இன்னொன்றும் சொன்னார். போதையை விடுவதற்கான சிகிச்சையில் உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம். "நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று நீ கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம்.

நூடுலுக்காக நான் கையெழுத்துப் போட முடிந்தது. உனக்காக என்னால் போட முடியாது, மகனே.

திங்கட்கிழமை கர்த்தர் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கட்டும். அது முடிந்ததும் உன்னிடம் வரட்டும். ஒரு பேனாவோடு வரட்டும்.

உனக்காகவே மண்டியிடும்,
அம்மா கெர்டா.