வால்மோரே பிரபுவின் மேசை விரிப்பு

1391 அக்டோபர் 9, பாரிஸ்

சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரை தறியிலிருந்து இறங்கிவிட்டது. சுவர் கொள்ளாத அரச விருந்து. நடுவில் மன்னர், தலைக்கு மேல் நீல விதானத்தில் பொன் லில்லிகள். அவருக்கு வலப்பக்கம், முழங்கை இடிக்கும் தூரத்தில், நம் வால்மோரே பிரபு. நிஜத்தில் அந்த மேசையை வாசலில் நின்று பார்த்திருப்பார். வலப்பக்கம் உட்கார வேண்டும் என்றார், உட்கார வைத்தாயிற்று. கம்பளி நூலுக்கு இடமும் வலமும் ஒரே விலைதான்.

முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. நெசவாளிகளைக் குறை சொல்வதற்கில்லை. முகத்தை யார் பார்க்கிறார்கள்? தலைக்கு மேலிருக்கும் கேடயச் சின்னம்தான் ஆள். பிரபுவுடையது சிவப்பில் வெள்ளிக் காட்டுப்பன்றி. முன்னோர்கள் தொலைநோக்கு உள்ளவர்கள்.

நவம்பர் 11, மார்ட்டின் திருநாள் விருந்தில் அவர் கூடத்தில் தொங்கப்போகிறது. அரசவைக் கட்டியக்காரரும் வருகிறாராம். பிடித்துப்போனால் இன்னும் மூன்று கோட்டைகளுக்கு நான்தான் திரை. வெங்காய வண்டி தள்ளியவன் மகனுக்கு வேறென்ன வேண்டும்?

அக்டோபர் 12

இரண்டு நிறம் சேரும் இடத்தில் தறி பிளவு விட்டுவிடும். அவற்றைத் தைத்து மூடுவது என் மனைவி பெரெட். அவளைப்போல் தைக்க இந்தத் தெருவில் ஆளில்லை. எல்லாம் மூடியிருந்தாள், ஒன்றைத் தவிர. திரையில் நெய்த மேசை விரிப்பின் மடிப்புக்கோட்டில், சரியாகப் பன்றிக்குக் கீழே, பிரபுவின் தட்டுக்கு முன்னால், ஒரு சாண் பிளவு.

"என்ன இது, மறந்துட்டியா?"

"மறக்கலை."

"பெரெட்!"

"சண்டையில ஓடிப்போனவன் விருந்துக்கு வந்து உட்கார்ந்தா கட்டியக்காரன் என்ன செய்வான்? அவன் முன்னால விரிப்பை அறுப்பான். ரொட்டியைக் கவுத்துப் போடுவான். இந்த ஆளுக்கு இன்னும் யாரும் அறுக்கலை. நானும் அறுக்கலையே! தைக்காம விட்டேன், அவ்வளவுதான்."

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சண்டை. பிரபு முதல் ஆளாகப் பாலத்தைக் கடந்து வந்தார். வந்த கையோடு அதை உடைக்கவும் சொன்னார். அவருடைய வில்லாளிகள் அக்கரையில் நின்றார்கள். பெரெட்டின் தம்பி கொலினும் நின்றான். ஒருவரும் திரும்பவில்லை.

எனக்கு மட்டும் தெரியாதா? கொலின் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் - மூன்று கோட்டை!

தை என்றேன். "வேற ஆளைப் பாருங்க வியாபாரி" என்றாள்.

அக்டோபர் 13

சாப்பாட்டில் என் ரொட்டி கவிழ்ந்து கிடந்தது. புரிகிறது தாயே, புரிகிறது.

அக்டோபர் 20

பிரபு பார்வையிட வந்தார். பிளவைப் பின்பக்கம் குண்டூசி குத்தி மறைத்திருந்தேன்.

"என்னப்பா, மன்னர் என்னைவிட உசரமா இருக்காரே?"

"அது விதானத்தோட நிழல், பிரபுவே."

திருப்தி. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எது உந்தியதோ தெரியவில்லை.

"என் மச்சான் உங்க வில்லாளியா இருந்தான், பிரபுவே. அந்த ஆத்தங்கரையில..."

"எந்த ஆத்தங்கரை? ஓ, அதுவா! வில்லாளி போனா என்னப்பா, வேற வில்லாளி வருவான். பாலத்தைத் திரும்பக் கட்டின செலவுதான் இன்னும் வலிக்குது."

பெரெட் அவர் கிண்ணத்தில் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் சிரித்தேன். வியாபாரச் சிரிப்பு, தானாக வரும். தாடை இன்னும் வலிக்கிறது.

அக்டோபர் 21

நானே தைத்தேன். நெருக்கமான, அழகான தையல். நூல் மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தது, பூச்சி அரித்தது. சிக்கனம்தானே எங்கள் குலச்சின்னம்! தரையில் விரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொங்கவிட்டு, கீழ்ப்பாதியின் பாரம் இழுக்கத் தொடங்கினால்? எனக்கென்ன தெரியும், நான் ஜோசியனா?

பெரெட் தூரத்திலிருந்து தையலைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தால் அவள் முகம் ஊருக்கே சொல்லிவிடும்.

நவம்பர் 3

திரை வண்டியேறியது. கவிழ்ந்த ரொட்டி பழகிவிட்டது. மேலோடு எப்படியும் கருகல்தான்.

நவம்பர் 14

வண்டிக்காரன் கோத்தியே திரும்பி வந்தான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை.

"மான்கறி வந்த நேரம் அண்ணே, 'படக்'னு ஒரு சத்தம். நிமிந்து பாத்தா விரிப்பு வாயைப் பொளந்து நிக்குது, நேரா பன்னிக்குக் கீழ! அந்தக் கட்டியக்காரர் திரையைப் பாத்தார், பிரபுவைப் பாத்தார். 'நமக்கு முன்னாடியே யாரோ வந்து வேலையை முடிச்சுட்டாங்க போல'ன்னாரே!"

நான் அதிர்ச்சி காட்டினேன். நன்றாகவே காட்டினேன்.

பெரெட் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு நூல்பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினாள். மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 30

மூன்று கோட்டையும் போயிற்று. புகார் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? ஒரு சாண் பிளவு தன்னை ஏன் சுட்டது என்று பிரபு தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்குமே.

இரண்டு வாரமாக ரொட்டி நிமிர்ந்து வருகிறது. மேலோடு இன்னும் கருகல்தான். அதை நான் சொல்லப்போவதில்லை.