நீ போட்டுவிட்டுப் போன பெட்ரோல்

என் அருமை மாப்பிள்ளை கருப்பையாவுக்கு,

மச்சான் கடிதம் எழுதுகிறான் என்றால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "பத்தாவதுல நீங்க கணக்குல மட்டும்தானே பெயிலு? தமிழ்லயுமா?" என்று கேட்பாய். கணக்கில் மட்டும்தான். தமிழில் தட்டுத் தடுமாறிக் கரையேறியவன். அந்தத் துணிச்சலில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் தேன்மொழிக்கு வேலை கிடைத்துவிட்டது. குளத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்களாம், காலை ஏழு மணிக்கே இவள் அங்கே இருக்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் ஒரு பஸ், பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் என்று மாறிப் போனால் நடக்கிற காரியமா? "மாமா வண்டிய எடுத்துக்கிறேம்ப்பா" என்றாள்.

உன் அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் சுவரைப் பார்த்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு இந்த ஒன்றரை வருடமாக, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் உன் அக்கா உன் வண்டியைத் துடைத்து, ஹெட்லைட்டுக்குக் குங்குமம் வைப்பாள். "ஏங்க, ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். நான் பட்டனை அழுத்துவேன். ஐந்து நிமிஷம் அடுப்படி வாசலில் நின்று கேட்பாள். "போதும்" என்றதும் அணைத்துவிடுவேன். ஏன் என்று நான் கேட்டதில்லை. நீ தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டுத்தானே அவள் தினமும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் வண்டி தெருவில் இறங்கியதே இல்லை. தேன்மொழிக்குத் திருச்சிக்குப் போய் சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று முதல் நாள்தான் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தாய். மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனாய். வண்டி வீட்டிலேயே நின்றுவிட்டது.

வேலையில் சேர திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை வெள்ளோட்டம் பார்க்க நான் வண்டியை வெளியே எடுத்தேன். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கோயில் திருப்பத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன் பார், வண்டி குளிர் ஜுரம் வந்தது மாதிரி உதறி, பொசுக்கென்று அணைந்தது. பின்னால் டவுன் பஸ். டிரைவர் தலையை நீட்டி, "பெருசு, வண்டிக்கு என்ன, தூக்கமா?" என்றான். எனக்கு ஐம்பத்திரண்டுதான் மாப்பிள்ளை.

செய்தி உன் அக்கா காதுக்கு எட்டியது. "நடுரோட்டுல நிக்கிற வண்டியில எம்புள்ளைய ஏத்த மாட்டேன். வேலையே வேணாம், வீட்டுல கெடக்கட்டும்." சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியாதா? தேன்மொழி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அப்போதுதான் உன் மச்சானுக்குள் தூங்கிய மெக்கானிக் விழித்தான்.

என் கிழட்டு வண்டியை இருபது வருடமாக நானே கழற்றி மாட்டுகிறேன் அல்லவா? வெள்ளிக்கிழமை மாட்டுத்தீவனக் கடைக்கு லீவு போட்டேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன். வண்டி உதறிக்கொண்டே இருந்தது. சரி, கார்புரேட்டரில், ஆக்சிலேட்டரை விட்டாலும் இஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ந்தது என்று டார்ச் லைட்டோடு படுத்துத் தேடினேன். ஒரு ஸ்குரூ கிடைத்தது. அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் அடையாளம். 'இங்கே திருப்பவும்' என்று கம்பெனிக்காரனே குறி வைத்திருக்கிறான் என்று மகிழ்ந்து, ஒரு சுற்று திருப்பினேன்.

வண்டி அலறியது. பக்கத்து வீட்டு நாய் மாடியேறி ஓடியது.

தேன்மொழி ஓடி வந்து சாவியைப் பிடுங்கினாள். "அப்பா, இதுல கார்புரேட்டரே கெடையாது. இன்ஜெக்டரு. எவ்வளவு பெட்ரோல் விடணும்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும். அந்தப் பெயிண்டு தொடாதேன்னு அர்த்தம்!"

"ஒங்க மாமன் என்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்லையே."

"சொல்லுச்சு. நீங்க கேக்கல."

சொன்னாயா மாப்பிள்ளை? 'கார்புரேட்டர் மச்சான்' என்று நீ கூப்பிட்டதெல்லாம் செல்லம் என்றல்லவா நினைத்திருந்தேன்?

சனிக்கிழமை நானும் அவளுமாகப் புதுக்கோட்டைக்குத் தள்ளாத குறையாக வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் கையளவு பெட்டி ஒன்றை வயரோடு மாட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல ஒரு கம்ப்ளெயின்டும் இல்லையே" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஸ்குரூ பாவத்தை ஒப்புக்கொண்டேன். "அது தெரியுதுங்க" என்று சிரித்துவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"பெட்ரோல் எப்பப் போட்டீங்க?"

"நான் போடல. என் மச்சினன் போட்டது."

"அவரு எப்பப் போட்டாரு?"

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். தேன்மொழிதான் சொன்னாள். "மாமா எறந்து ஒன்றரை வருசம் ஆச்சுண்ணே. அதுக்கு மொத நாளு."

அவர் மூடியை மெதுவாக மூடினார். பெட்ரோல் கெட்டுப்போய்விட்டதாம். தண்ணீர் கோத்து, பிசின் பிடித்து, இன்ஜெக்டர் வாயில் ஒட்டியிருக்கிறதாம். வேகத்தில் தெரியாது, ஐடிலில் சொட்டுச் சொட்டாக விடும்போதுதான் தடுமாறுமாம். நின்ற இடத்திலேயே வாரம் ஐந்து நிமிஷம் ஓட்டியதும் கெடுதல்தானாம், இஞ்சின் முழுசாகச் சூடேறாமல் கரி படியுமாம். "டேங்கக் கவுத்துட்டு, எல்லாத்தையும் கிளீன் பண்ணிரலாம். இது பெரிய வேலையில்லைங்க."

அவருக்குப் பெரிய வேலையில்லை. நான் உன் அக்காவுக்குப் போன் போட்டேன்.

மெக்கானிக் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு, "புள்ள ஓட்டி ஓட்டித் தீரட்டும்னுதான் நெனச்சேன். அது வேற. கீழ ஊத்துறது வேற. எந்தம்பி கடைசியாப் போட்டதுங்க. சாக்கடையில ஊத்தச் சொல்லாதீங்க" என்றாள்.

வண்டி பிழைக்க வேண்டுமென்றால் அந்தப் பெட்ரோல் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் உன் அக்கா உடைந்துபோவாள். வராவிட்டால் பிள்ளையின் வேலை போகும். இந்தக் கணக்கில் பெயிலானால் துணைத்தேர்வு கிடையாது.

அப்போது பட்டறை வாசலில் என் கிழட்டு வண்டி மாதிரியே ஒன்று புகை கக்கிக்கொண்டு போயிற்று. "தம்பி, இந்தப் பெட்ரோல கார்புரேட்டர் வண்டி குடிக்குமா?" என்றேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "புதுசு முக்கால், இது கால்னு வடிகட்டிக் கலந்தா இருமிக்கிட்டே ஓடும். அதுக்கென்ன, அது ஏற்கெனவே இருமுறதுதானே."

கேனில் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் அக்கா கேனை வாங்கிப் பார்த்தாள். டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. முந்தானையால் கேனைத் துடைத்து, வெயில் படாத மூலையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வண்டி வீடு வந்தது. ஸ்குரூ பழையபடி பெயிண்ட் கோட்டில் நின்றது. ஆக்சிலேட்டரைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓட விட வேண்டும், அதுவாகவே ஐடிலைக் கற்றுக்கொள்ளும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். என் கை சும்மா இருக்குமா? "கையப் பின்னாடி கட்டுங்க" என்று உன் அக்கா அதட்டினாள். கட்டிக்கொண்டு நின்றேன். சீராக, ஒரே மூச்சாக ஓடியது. போதும் என்று அவள் சொல்லவே இல்லை. தேன்மொழிதான் அணைத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை. "வேலை கெடச்சா மொத நாள் நாந்தான் கொண்டுபோயி விடுவேன், தாய்மாமன் இருக்கையில வேற யாரு?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! தேன்மொழி உன் வண்டியில் முன்னால் போனாள். நான் என் கிழட்டு வண்டியில், உன் பெட்ரோலைக் கலந்து ஊற்றி, உன் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தொடர்ந்தேன். வழி நெடுக இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் உன் அக்கா என் முதுகில் தட்டி, "சிரிக்கிறான் பாருங்க" என்றாள்.

குளத்தூர் வரை நின்று போகவில்லை மாப்பிள்ளை. பிள்ளை உள்ளே போகும்வரை உன்னோடு சேர்த்து மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமை குங்குமம் மட்டும்தான், ஸ்டார்ட் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் தானாகவே திரும்புகிறது. தோசைக்கல் அடுப்பில் ஏறுகிறது. மூன்று மணிக்கு யாராவது தோசை தின்பார்களா? எங்கள் வீட்டில் தின்கிறோம்.

கேனில் இன்னும் பாதி இருக்கிறது. தேன்மொழி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகும் நாள் வருமே, அதுவரை தாங்குமா தெரியவில்லை. தாங்காவிட்டாலும் ஒரு சொட்டைக் கீழே ஊற்ற மாட்டேன். பெயிண்ட் அடித்த எந்த ஸ்குரூவையும் இனித் தொடவும் மாட்டேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டியதால் உனக்கு வாய்த்த
கார்புரேட்டர் மச்சான்,
சுப்பையா