லாரிக்குக் கடைசிப் பூச்சு

ஜூன் 3, செவ்வாய்

மனைவிக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு எழுபத்தொரு நாள். பயிற்சி கொடுக்கும் பெண் ஒன்பது பத்துக்கு வந்தார். ஐந்து மரக்கட்டைகளை வைத்து, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னார். போன வாரம் இவள் இரண்டு போட்டாள். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், எனக்காக ஒண்ணே ஒண்ணு."

"நீயே... போடு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னார்: "கை வரலங்கிறதவிட மனசு வரலங்கிறதுதான் சார் எனக்கு பயமா இருக்கு. முதல் ஆறு மாசத்த விட்டுட்டா அப்புறம் கஷ்டம். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது இருக்குமே?"

இருக்கிறது. பின்னறை மேஜையில், ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடியிருக்கிறது.

ஜூன் 4, புதன்

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அவளுடைய தம்பி ஓட்டும் லாரி, இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில். நீளம் முப்பத்து மூன்று சென்டிமீட்டர், பத்துச் சக்கரம். பதினான்கு மாத வேலை. பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடம் ஊராருக்குப் பல் செய்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வெட்டி இதைச் செய்தாள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் மைத்துனன், மீசையோடு. அரிசி அளவு முகத்தில் அவனுடைய சிடுசிடுப்பைக்கூடக் கொண்டுவந்திருக்கிறாள்.

மிச்சம் ஒரே வேலை. மேட் வார்னிஷ் அடிக்க வேண்டும். நிறமில்லாத பூச்சு, மினுமினுப்பை அடக்குவது மட்டுமே அதன் வேலை. "பளபளன்னு இருந்தா பொம்மைன்னு காட்டிக் கொடுத்துடும்" என்பாள்.

முடித்து அவள் முன்னால் வைத்தால்? அடுத்ததைத் தொடங்க ஆசை வராதா?

இது அவளுக்காக யோசிப்பதா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாததாலா? தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

கேட்டேன். "கடைசிப் பூச்ச நான் அடிக்கட்டுமா?"

"நீங்களா?" வாயின் பாதி சிரித்தது. ஆணி அடிக்கக்கூட என்னை விடாதவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பத்தொரு வருடமாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறேன். இதை 'மறுக்கவில்லை' என்று எழுதுவேன். மறுக்காததும் சம்மதித்ததும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 7, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலை பத்தே கால். வார்னிஷ் பாட்டிலில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'குலுக்காதே.' குலுக்கவில்லை. மேலாக ஊற்றி, காற்றோடு பூச்சைத் தெளிக்கும் ஏர்பிரஷில் நிரப்பி அடித்தேன். கை நடுங்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அரை மணி நேரத்தில் காய்ந்தது. லாரி முன்னைவிடப் பளபளவென்று இருந்தது, எண்ணெய் தேய்த்ததுபோல.

போதவில்லை போலும் என்று பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். அடியில் இருந்தது தயிர்போலக் கெட்டியாக வந்தது. வந்ததை அப்படியே அடித்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு லாரி முழுக்க வெள்ளை. சுண்ணாம்புத் தூளில் புரட்டி எடுத்ததுபோல. சிவப்பு எங்கே, நீலம் எங்கே? முன் கண்ணாடியும் வெளுத்துவிட்டது. அடிப்பதற்கு முன் அதை டேப் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். டேப் சுருள் பக்கத்திலேயே கிடந்தது. பார்த்தேன். எதற்கென்று யோசிக்கவில்லை.

உள்ளே மைத்துனன் தெரியவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து மூடினேன்.

ஜூன் 8, ஞாயிறு

"முடிஞ்சதா?" என்றாள். "காயணும்" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் 'காயணும்.' அது எத்தனை நிமிடத்தில் காயும் என்று அவளுக்கா தெரியாது? ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

மாலை மைத்துனன் வந்தான். அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு நேராகப் பின்னறைக்கு நடந்தான். தடுப்பதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"என்ன மாமா, வண்டி சிமெண்ட் லோடு எறக்கிட்டு வந்திருக்கா?"

"மெதுவாப் பேசு."

குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தான். "நான் எங்க மாமா?"

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க. நான் வண்டிய சுவத்துல மோதினப்போ ஓனருக்கு நானேதான் மொதல்ல போன் போட்டேன். திட்டினாரு. ஆனா அடுத்தவன் போய் சொல்லியிருந்தா வேலையே போயிருக்கும்." கிளம்பும்போது திரும்பி, "என் பேர இழுக்காதீங்க. நான் பாக்கவே இல்ல" என்றான்.

ஜூன் 11, புதன்

சொன்னேன். கேட்டுவிட்டு, பெட்டியோடு கொண்டுவரச் சொன்னாள். இடது கையால் தானே திறந்தாள். நகத்தால் கூரையைச் சுரண்டினாள்.

"கிளறினீங்களா?"

"குலுக்காதேன்னு எழுதியிருந்தியே."

"குலுக்கினா... குமிழ் வரும். குச்சியால... கிளறணும். மினுமினுப்ப அடக்குற மாவு... அடியில தங்கிடும்."

"அத எழுதலையே!" குரல் உயர்ந்துவிட்டது. என் தப்புக்கு அவளிடம் கத்தினேன். ச்சே.

"எனக்கு... எதுக்கு எழுதணும்?"

அவ்வளவுதான் விஷயம். அவசரத்தில் குலுக்கிவிடுவது அவள் கெட்ட பழக்கம். அதைத் தடுக்கத் தனக்குத்தானே சீட்டு ஒட்டியிருக்கிறாள். கிளறுவது அவளுக்கு மறக்கவே மறக்காது, அதனால் எழுதவில்லை. அவள் தனக்கென்று எழுதிவைத்ததை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். எழுதியிருப்பதை நம்பியே பிழைத்தவன்.

லாரியைப் புறங்கையால் தள்ளினாள். மேஜை விளிம்பில் பிடித்தேன்.

ஜூன் 14, சனி

பயிற்சிப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. வேறென்ன செய்வது, கட்டிப்போட்டா பயிற்சி கொடுக்க முடியும்?

ஜூன் 17, செவ்வாய்

மூன்று வாய் சோறு. தட்டைத் தள்ளிவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

நீதிமன்றத்திலிருந்து நாலு இருபதுக்குத் திரும்பினேன். கட்டிலில் இல்லை. பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பிடித்தே போயிருக்கிறாள். லாரியின் முன் கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது, பெயர்த்து எடுத்திருக்கிறாள். இடது கையில் கத்தி. வலது கட்டைவிரலில் ரத்தம். அந்த விரலில் அவளுக்கு உணர்ச்சி குறைவு, வெட்டியதே தெரிந்திருக்காது.

"ஐயோ, குடு இங்க—"

"தொடாதீங்க."

நின்றேன். விரலில் பிளாஸ்திரி ஒட்ட மட்டும் அனுமதி கிடைத்தது. அப்புறம், புதுக் கண்ணாடி வெட்டுவதற்காகச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை என் பக்கம் தள்ளி, "பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். கத்தி வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. கோணல். இன்னொரு துண்டு. என் கை துறுதுறுத்தது. இரண்டு நிமிட வேலை. நான் செய்தால் என்ன ஆகும் என்பதை வெள்ளை லாரி எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தே முக்கால் வரை பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு துண்டும் தேறவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஏழாவது துண்டும் போயிற்று. கத்தியை எறிந்தாள். நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பதினோராவது துண்டு உட்கார்ந்தது. இடது மூலையில் மயிரிழை இடைவெளி. ஒட்டாமல் திரும்பக் கழற்றி வைத்தாள். பூச்சு முடிந்த பிறகுதான் ஒட்டுவாளாம். வெள்ளை படிந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் ஒரு முறை அடித்தால் வெண்மை உள்ளே அடங்கும் என்றாள். அடித்தேன். முக்கால்வாசி அடங்கியது, கூரையில் திட்டுத் திட்டாக நிற்கிறது. அதன்மேல் புது பாட்டில் மேட். நான் கிளறினேன், அவள் எண்ணினாள். நூறு வரைக்கும்.

கடைசியில் கண்ணாடியை ஒட்டினாள். மைத்துனன் வந்து பார்த்தான். "அக்கா, எல்லாம் சரி. மீசைய மட்டும் ஏன் இவ்வளவு சின்னதாப் போட்ட?"

"உண்மையிலயே... அவ்வளவுதான்டா."

ஜூலை 2, புதன்

பயிற்சிப் பெண் இன்று முக்கால் மணி நேரம் இருந்தார். வாசலில் செருப்பு மாட்டாமல் நின்றார். "வலது கை இதுக்கு மேல பெருசா வராதுன்னு தோணுது சார். நான் வந்துட்டேதான் இருப்பேன். ஆனா நீங்க ஆசைய வளத்துக்க வேணாம்."

நடுவில் விட்டுப்போன நாட்களாலா என்று கேட்டேன். "தெரியல சார்" என்றார். நல்ல மனிதர்.

இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கூட்டிக்கொண்டே பின்னறைக்குப் போனேன். புது பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த லைட்ட... இந்தப் பக்கம் மாத்துங்க."

மேஜை விளக்கு இருபது வருடமாக இடப்பக்கம்தான் நிற்கிறது. வலது கைக்காரர்களுக்கு அப்படி இருந்தால்தான் கையின் நிழல் வேலைமேல் விழாது. அவள் காட்டியது வலப்பக்கம்.

"கை சரியானா மறுபடி மாத்தணுமே" என்றேன். கூட்டி வைத்த வாக்கியம் அதுவல்ல.

என்னைப் பார்த்தாள். "மாத்துங்க."

திருகைக் கழற்றி, எடுத்து வந்து வலப்பக்கம் மாட்டினேன். ஒயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கக் கடைக்குப் போனேன்.